பழைய டர்போ கார்: ஆயிலைக் கவனித்தால் எஞ்சின் நீடித்து உழைக்கும்

விவசாயக் குடும்பம் ஒன்று கார் வாங்கும்போது அது பெரும்பாலும் பழைய காராகவே இருக்கிறது. சந்தைக்குக் காய்கறிக் கூடை, சொசைட்டிக்குப் பால் கேன், தோட்டத்துக்கு உர மூட்டை, குடும்பத்தோடு கோயில், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வண்டிதான். ஒரு போகத்து மகசூலை விற்ற பணமும், சில வேளைகளில் நகைக் கடனாக வாங்கிய பணமும் அதில் போடப்படுகின்றன. வாங்கிய ஆறு மாதத்தில் எஞ்சின் பழுதானால், அடுத்த போகத்து விதைக்கும் உரத்துக்கும் வைத்திருந்த முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடும்.

இப்படிப் பழைய டீசல் கார் வாங்கப் போகும் இடத்தில் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "டர்போ வண்டி நன்றாக இழுக்கும், மேட்டில் சளைக்காது" என்பார் விற்பவர். "டர்போ வண்டிக்கு ஆயுள் குறைவு, ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டினால் செலவுதான்" என்பார் கூட வந்தவர். முதல் பேச்சு பெரும்பாலும் சரியே. இரண்டாவது பேச்சு வண்டியைப் பொறுத்தது என்பதைவிட, வண்டியை வைத்திருந்தவரைப் பொறுத்தது. ஆயிலையும் காற்றையும் சூட்டையும் முறையாகக் கவனித்தால் டர்போ எஞ்சினும் பல லட்சம் கிலோமீட்டர் ஓடும். கவனிக்கத் தவறினால் மற்ற எஞ்சின்களைவிட விரைவில் கெடும்.

டர்போ செய்யும் வேலை

கொல்லன் பட்டறையில் உலைக்குத் துருத்தி வைத்து ஊதுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கரி அதே கரிதான். ஆனால் துருத்தி ஊதும்போது காற்று அதிகம் கிடைப்பதால் நெருப்பு சீறி எரிகிறது. டர்போவும் எஞ்சினுக்கு ஒரு துருத்தியே.

1 கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14½ கிலோ காற்று தேவைப்படுகிறது. சாதாரண எஞ்சின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வரும் காற்றை மட்டுமே எடுத்துக்கொள்ளும். டர்போ உள்ள எஞ்சினில் காற்று அழுத்தி உள்ளே செலுத்தப்படுகிறது. காற்று கூடினால் டீசலையும் கூட்டி எரிக்கலாம். அதனால் சிறிய எஞ்சினிலிருந்தே அதிகச் சக்தி கிடைக்கிறது.

இதற்கென்று எஞ்சினிலிருந்து தனியாக பெல்ட்டோ பல்சக்கரமோ எடுப்பதில்லை. சைலென்சர் வழியே வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது சுழன்று வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்தும்போது காற்று சூடாகும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், பல கார்களில் அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் என்ற பகுதி, ரேடியேட்டர் போன்ற அமைப்பில், தனியாக வைக்கப்பட்டிருக்கும்.

இதன் பலனை இரண்டு கார்களை ஒப்பிட்டால் அறியலாம். டர்போ இல்லாத பழைய அம்பாசிடர் டீசல் காரின் எஞ்சின் 1,489 சி.சி. கொள்ளளவு உடையது. அதன் சக்தி 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. 2007-ல் வெளிவந்த மாருதி ஸ்விப்ட் டீசல் காரின் எஞ்சின் 1,248 சி.சி.தான். ஆனால் அதன் சக்தி ஏறக்குறைய 75 குதிரைத்திறன். இந்த வளர்ச்சிக்கு டீசலை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் புதிய முறையும் ஒரு காரணம். டர்போ மற்றொரு முக்கியக் காரணம்.

வரலாறு தரும் இரண்டு பாடங்கள்

டர்போ புதிய கண்டுபிடிப்பு இல்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரட் பூச்சி என்ற பொறியாளர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் கப்பல்களிலும் ரயில் எஞ்சின்களிலும் லாரிகளிலும் பயன்பட்ட டர்போ, 1962-ல் அமெரிக்காவில் கார்களுக்கு வந்தது.

அவ்வாறு வந்த முதல் கார்களில் ஒன்று ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் என்ற பெட்ரோல் கார். அதன் எஞ்சினில் எரிபொருள் நேரம் தவறி வெடித்து எரியாமல் இருக்க, வாலைநீரும் மெத்தில் ஆல்கஹாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் அவ்வப்போது ஊற்றி வர வேண்டும். வாங்கியவர்களில் பலர் அதை ஊற்ற மறந்தார்கள். தொட்டி காலியானதும் வண்டியின் இழுவை குறைந்தது, புகார்கள் குவிந்தன. பல கார்களில் டர்போ கழற்றி எறியப்பட்டது. 1963-க்குப் பிறகு அந்தக் காரின் தயாரிப்பே நின்றுவிட்டது.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உண்டு. 1978-ல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 300 எஸ்.டி. என்ற டர்போ டீசல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் 3 லிட்டர், 5 சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டனின் அடிப்பகுதியில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. டர்போவினால் கூடும் சூட்டை எஞ்சின் தாங்க வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிச் செய்த வேலை அது. அந்த எஞ்சின்கள் பல லட்சம் கிலோமீட்டர் ஓடி, நீடித்த உழைப்புக்குப் பெயர் பெற்றன.

முதல் பாடம், டர்போவைத் தாங்கும்படி எஞ்சின் அமைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது பாடம், வைத்திருப்பவர் செய்ய வேண்டிய சிறு பராமரிப்பைத் தவறாமல் செய்ய வேண்டும். இந்தியாவில் 1998-ல் டாடா சபாரி, 2002-ல் மகிந்திரா ஸ்கார்பியோ, 2005-ல் டொயோட்டா இன்னோவா, 2007-ல் ஸ்விப்ட் டீசல் என்று டர்போ டீசல் கார்கள் பெருகின. இவற்றில் டர்போ பிறகு சேர்க்கப்பட்டதல்ல, தயாரித்த நிறுவனமே பொருத்தி விற்றது. எனவே முதல் பாடத்தைப் பற்றிக் கவலையில்லை. இன்று பழைய கார் வாங்குபவர் கவனிக்க வேண்டியது இரண்டாவது பாடத்தையே.

டர்போவின் உயிர்நாடி ஆயில்

ஒரு டீசல் கார் எஞ்சின் வேகமாக ஓடும்போது நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றைத் தாண்டும். சிறிய டர்போக்களில் இது 2 லட்சத்தையும் எட்டும். இந்த வேகத்தில் உலோகத்தோடு உலோகம் உராய்ந்தால் நொடியில் தேய்ந்துவிடும். ஆகவே, கார்களில் வரும் பெரும்பாலான டர்போக்களில் தண்டு ஒரு மெல்லிய ஆயில் படலத்தின்மீது மிதந்தபடியே சுற்றுகிறது. அந்தப் படலத்தின் கனம் தலைமுடியின் பருமனைவிடக் குறைவு.

இந்த ஆயில் தனியாக ஊற்றப்படுவதில்லை. எஞ்சினில் உள்ள அதே ஆயில்தான் சிறு குழாய் வழியாக டர்போவுக்குச் சென்று, பிறகு தானாக இறங்கி அடித் தொட்டிக்குத் திரும்புகிறது. எனவே ஆயில் குறைந்தாலும், கெட்டுக் குழம்பினாலும், குழாய் அடைத்துக்கொண்டாலும் முதலில் பாதிக்கப்படுவது டர்போ. அதன் பின்னர் எஞ்சினின் மற்ற பேரிங்குகள் தேயத் தொடங்கும். இதற்காகக் கடைப்பிடிக்க வேண்டியவை வருமாறு:

வாரம் ஒரு முறை, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, ஆயில் கம்பியை எடுத்துத் துடைத்து மீண்டும் விட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. அளவுக்கு மிஞ்சிய ஆயிலை எஞ்சின் அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் தண்டைத் தாங்காது.

ஊற்றாமலே ஆயிலின் அளவு ஏறியிருந்தால் டீசலோ தண்ணீரோ அதில் கலக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

டீசல் எஞ்சினில் புது ஆயிலும் சில நாட்களிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னோடு பிடித்து வைத்திருப்பது ஆயிலின் வேலை. ஆகவே நிறத்தைப் பார்த்து ஆயில் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய இயலாது. ஓடிய தூரத்தையும் காலத்தையும் கொண்டே மாற்ற வேண்டும். அவ்வப்போது அரை லிட்டர் ஊற்றி நிரப்பி வருவது ஆயில் மாற்றியதற்கு ஈடாகாது.

பல கார்களின் கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றும்படி சொல்லப்பட்டிருக்கும். இது சாதாரண ஓட்டத்துக்கு உரியது. தூசி நிறைந்த மண் பாதை, அதிகப் பாரம், தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடுதல் ஆகியவை கடும் பயன்பாடு எனப்படும். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஆயில் நன்றாகச் சூடேறுவதில்லை. அதனால் ஈரமும் எரியாத டீசலும் அதிலேயே தங்கிவிடும். கிராமத்து வண்டிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவையே. பழைய வண்டியும் ஆனதால், 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலையும் ஆயில் பில்டரையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. டர்போவை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இந்தக் கூடுதல் செலவு மிகச் சிறிது.

எந்த ஆயில் என்பதைக் கையேட்டைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். டிராக்டருக்கோ பம்ப்செட்டுக்கோ வாங்கிய ஆயில் மீதியிருக்கிறது என்று காருக்கு ஊற்றக் கூடாது. டப்பா சீல் உடையாததாகவும், பில் தரும் கடையில் வாங்கியதாகவும் இருக்கட்டும்.

சூட்டோடு அணைக்கக் கூடாது

டீசல் எஞ்சினில் பாரத்தோடு ஓடும்போது டர்போவுக்கு வரும் புகையின் வெப்பம் 700 டிகிரி சென்டிகிரேடையும் எட்டக்கூடும். அந்த வெப்பத்தைத் தண்டிலிருந்து எடுத்துச் செல்வதும் ஆயிலே.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பாரத்தோடு ஏறி வந்த வண்டியை, மேலே வந்ததும் டீக்கடை முன் நிறுத்திச் சட்டென்று சாவியைத் திருகி அணைத்தால் என்ன ஆகும்? எஞ்சின் நின்றவுடன் ஆயில் பம்பும் நின்றுவிடும். டர்போ தண்டு சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும், ஆனால் புது ஆயில் வராது. உள்ளே தங்கிய ஆயில் சூட்டில் கருகி, அடுப்பில் தீய்ந்த பால்போல ஒட்டிக்கொள்ளும். நாளடைவில் அந்தக் கரி ஆயில் போகும் வழியை அடைக்கும். பேரிங்கையும் அறுக்கும்.

எனவே மேடு ஏறிய பின்போ, நெடுஞ்சாலையில் வேகமாக வந்த பின்போ, வண்டியை நிறுத்தியதும் எஞ்சினை ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும். ஊருக்குள் கடைசி ஒரு கிலோமீட்டர் மெதுவாக வந்திருந்தால் இவ்வளவு நேரம் காத்திருக்கத் தேவையில்லை, அரை நிமிடம் போதும்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுவதும் கெடுதல். ஆயில் டர்போவரை ஏறுவதற்கு முன்பே தண்டு வேகமாகச் சுழல நேரிடும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் விட்டு, முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும். அணைப்பதற்கு முன் ஒரு முறை உறுமவிட்டு அணைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. டர்போ வண்டியில் அதை அறவே விட்டுவிட வேண்டும்.

தூசி, தண்ணீர், டீசல்

டர்போ காற்றை வேகமாக உறிஞ்சுவது. அந்தக் காற்றோடு மண் துகள் போனால், சுழலும் சக்கரத்தின் ஓரங்களை அரித்துவிடும். சக்கரத்தைத் தாண்டிய தூசி சிலிண்டரையும் ரிங்கையும் தேய்க்கும். ஆகவே ஏர் பில்டரை 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்திலும் கோடைப் புழுதியிலும் இன்னும் அடிக்கடி பார்ப்பது நல்லது. பழைய டிராக்டரிலும் ஜீப்பிலும் இருந்த ஆயில் ஊற்றும் ஏர் பில்டரைக் கழுவிப் போடலாம். கார்களில் உள்ள காகித பில்டரைத் தண்ணீரிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது. பஞ்சர் கடைக் காற்றை அருகில் வைத்துப் பலமாக அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். அடைத்துப் போனதை மாற்றிவிடுவதே மேல். பில்டர் பெட்டியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா, அதிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரில் வெறும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும், அலுமினியப் பகுதிகள் அரிக்கும். கையேட்டில் சொன்ன கூலன்ட்டையே ஊற்ற வேண்டும். எஞ்சின் ஒரு முறை கொதித்தாலும் ஹெட் வளைந்து கேஸ்கட் போகக்கூடும். பழைய வண்டியில் மிகப் பெரிய செலவுகளில் இதுவும் ஒன்று.

டீசல் நல்ல பங்க்கில் வாங்கியதாக இருக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு குறைவு. அது கலந்தால் உயர் அழுத்த பம்ப்பும் பீய்ச்சு முனைகளும் தேய்ந்துவிடும். டீசல் பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை, குறிப்பாக மழைக்காலத்தில், அவ்வப்போது திறந்துவிட வேண்டும்.

இழுவையைக் கூட்டும் வேலை வேண்டாம்

பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டினாலோ, கணினிப் பெட்டியின் அமைப்பை மாற்றினாலோ வண்டி இன்னும் நன்றாக இழுக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. இழுக்கும் என்பது உண்மையே. ஆனால் கூடிய டீசல் கூடிய வெப்பத்தைத் தரும். தயாரித்தவர்கள் கணக்கிட்ட எல்லையைத் தாண்டினால் பிஸ்டன் உருகவும், டர்போ அளவு மீறிச் சுழன்று உடையவும் இடமுண்டு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு டர்போ பொருத்துவதும் இதே வகையைச் சேர்ந்தது. டர்போவைத் தாங்கும் பிஸ்டனும் ஆயில் குளிர்விப்பும் அதற்கு இராது.

டர்போவைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்ற யோசனையும் பயன் தராது. டர்போ எஞ்சினின் டீசல் அளவு, டர்போ தரும் காற்றைக் கணக்கில் கொண்டு வைக்கப்பட்டது. அது இல்லாவிட்டால் கரும்புகையும் இழுவைக் குறைவுமே மிஞ்சும்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய டர்போ காரை வாங்கப் போகும்போது நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. அவரோடு சேர்ந்து பின்வருவனவற்றைப் பார்க்கலாம்.

1. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் பானட்டைத் தொட்டால் தெரியும். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காலை ஸ்டார்ட்டில் உள்ள குறை வெளிப்படாது. மறுநாள் வருவதாகச் சொல்லலாம்.

2. சர்வீஸ் பில்களைக் கேட்க வேண்டும். எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினார்கள் என்பதே டர்போவின் ஜாதகம். மீட்டரில் தெரியும் தூரத்தைவிட இது நம்பகமானது. ஒழுங்காக ஆயில் மாற்றி 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, பில் எதுவும் இல்லாத 80,000 கிலோமீட்டர் வண்டியைவிட மேலானது.

3. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்க வேண்டும். தார்போலக் கெட்டியான படிவு இருந்தால் ஆயில் பல காலம் மாற்றப்படவில்லை. பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம்.

4. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த மூடியைத் திறந்தால் சிறிது ஆவி வருவது இயல்பு. புகை விட்டு விட்டுப் பலமாகத் தள்ளினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துள்ளன.

5. எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகு, டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றிச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். ஓரங்கள் உடைந்தோ மழுங்கியோ இருக்கக் கூடாது. விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் சிறிது ஆட்டம் இருப்பது குறையாகாது. ஆயில் படலம் இல்லாதபோது அப்படித்தான் இருக்கும். ஆனால் சக்கரம் சுற்றுச்சுவரில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரிந்தால் டர்போ முடிவை நெருங்கிவிட்டது.

6. குழாயின் உள்ளே லேசாக ஆயில் ஈரம் இருப்பது சாதாரணம். ஆயில் தேங்கி நின்றால் காரணம் தேட வேண்டும்.

7. வண்டியை மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் 1,500 முதல் 2,000 சுற்றுக்குள் டர்போவின் இழுவை தெரிய வேண்டும். மெல்லிய விசில் ஒலி இயல்பு. சங்கு ஊதுவதுபோல ஏறி இறங்கும் ஓசையோ, உலோகம் உரசும் ஓசையோ கேட்டால் விலகிக்கொள்ளலாம்.

8. ஆர்.சி. புத்தகத்தில் பதிவான ஆண்டைப் பார்க்க வேண்டும். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு தகுதி பார்த்து 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 13, 14 ஆண்டான வண்டிக்கு இந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேச வேண்டும்.

பில் இல்லாத வண்டியை வாங்க நேர்ந்தால், வாங்கிய அன்றே ஆயிலையும் எல்லா பில்டர்களையும் மாற்ற வேண்டும். புது ஆயில் பழைய அழுக்கைக் கரைத்து எடுத்துக்கொள்ளும் என்பதால், 2,000 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை மாற்றுவது நல்லது. படிவு அதிகம் இருந்தால் அடித் தொட்டியைக் கழற்றி ஆயில் உறிஞ்சும் வலையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

புகை சொல்லும் செய்தி

கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகமாகிறது. ஏர் பில்டர் அடைப்பு, இன்டர்கூலர் குழாய் வெடிப்பு, பீய்ச்சு முனைக் கோளாறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. அதற்கு டர்போ, ரிங், வால்வு சீல் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். குளிர்ந்த காலையில் சிறிது வெண்புகை வந்து மறைவது பெரிதல்ல. சூடான பிறகும் வெண்புகை தொடர்ந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும்.

நீலப்புகையைக் கண்டதும் டர்போவை மாற்றச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளக் கூடாது. எஞ்சினின் ஆவி வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டாலும், டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டாலும், நல்ல டர்போவும் ஆயிலைக் கக்கும். அடைப்பை நீக்கினால் குறை தீர்ந்துவிடும்.

டர்போ உண்மையிலேயே போய்விட்டால், அது ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் புதிதைப் பூட்டக் கூடாது. காரணம் அப்படியே இருந்தால் புது டர்போவும் சில வாரங்களில் போய்விடும். ஆயிலையும் பில்டரையும் மாற்றி, ஆயில் வரும் குழாயையும் புதிதாகப் போட வேண்டும். இன்டர்கூலரில் தங்கிய ஆயிலையும் உலோகத் துணுக்குகளையும் கழுவி எடுக்க வேண்டும். புது டர்போவின் ஆயில் துவாரத்தில் சுத்தமான ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்ட பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். இவற்றைச் செய்கிறார்களா என்று வண்டிக்காரர் அருகிலிருந்து பார்த்துக்கொள்வது நல்லது.

சாவியை எடுத்தும் எஞ்சின் நிற்காவிட்டால்

அரிதாக நேர்ந்தாலும் இது உயிருக்கே ஆபத்தானது. டர்போ முற்றிலும் பழுதாகி, ஆயில் காற்றுக் குழாய் வழியே சிலிண்டருக்குள் போனால், டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்து ஓடத் தொடங்கும். சாவியை எடுத்தாலும் நிற்காது. வேகம் தானாக ஏறும், சைலென்சரில் புகை மண்டும். முடிவில் எஞ்சின் உடைந்து சிதறவும் கூடும்.

அப்போது பதற்றமின்றி வண்டியை ஓரமாக நிறுத்தி, கால் பிரேக்கை அழுத்தி மிதித்து, கை பிரேக்கையும் இழுத்து, கடைசி கியரைப் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட வேண்டும். எஞ்சின் திணறி நின்றுவிடும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. இதில் நிற்காவிட்டால் எல்லோரும் இறங்கித் தொலைவில் விலகிவிட வேண்டும். காற்றுக் குழாயின் வாயைக் கையாலோ துணியாலோ மூட முயல்வது பெரும் ஆபத்து. நின்ற பிறகு மறுபடியும் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது.

யாருக்கு ஏற்றது?

மலைப் பகுதியில் இருப்பவர்கள், ஒட்டன்சத்திரம் போன்ற தூரத்துச் சந்தைகளுக்கு அடிக்கடி போய் வருபவர்கள், மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு டர்போ டீசல் கார் ஏற்றது. இழுவையும் எரிபொருள் சிக்கனமும் அவர்களுக்குக் கைகொடுக்கும். தோட்டத்துக்கும் பால் சொசைட்டிக்கும் தினம் இரண்டு கிலோமீட்டர் போய் வருவதற்கு மட்டும் என்றால், டர்போ இல்லாத எளிய பெட்ரோல் வண்டியே போதும். அத்தகைய ஓட்டத்தில் டர்போவில் கரி படிவதும் ஆயில் கெடுவதுமே நடக்கும். ஏற்கெனவே டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு நாளாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டினால், ஆயில் நன்றாகச் சூடேறி ஈரம் போகும், கரிப் படிவும் குறையும்.

வாரம் ஒரு முறை ஆயில் கம்பியைப் பார்த்தல், 5,000 கிலோமீட்டரில் ஆயிலும் பில்டரும் மாற்றுதல், ஏர் பில்டரைச் சுத்தமாக வைத்தல், மேடு ஏறிய பின் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து அணைத்தல் ஆகிய நான்கும் பெரிய செலவுள்ள வேலைகளல்ல. பழைய டர்போ கார் வைத்திருக்கும் விவசாயிகள் இவற்றைத் தவறாமல் கடைப்பிடித்து வந்தால், எஞ்சின் நீண்ட காலம் உழைக்கும். சாகுபடிக்கு வைத்த பணமும் சாகுபடிக்கே பயன்படும்.